வளைவில் யாருக்கு இடம்? மேக்ஸ் வெர்ஸ்டப்பனைச் சுற்றி ஓயாத வாதம்

பார்முலா 1 ரசிகர்களை இரண்டு கட்சியாகப் பிரித்துவைத்திருக்கும் பெயர் மேக்ஸ் வெர்ஸ்டப்பன். நெதர்லாந்து வீரர், 2021 முதல் 2024 வரை ரெட் புல் அணிக்காகத் தொடர்ந்து நான்கு முறை உலக சாம்பியன் ஆனவர். அவருடைய திறமையைப் பற்றி இரு தரப்புக்கும் சண்டை இல்லை. பக்கத்தில் இன்னொரு கார் வரும்போது அவர் ஓட்டுகிற விதத்தைப் பற்றித்தான் சண்டை. இடம் கொடுக்காமல் ஓட்டுவதுதான் பந்தயம், அயர்டன் சென்னாவும் மைக்கேல் ஷூமாக்கரும் அப்படித்தானே ஓட்டினார்கள் என்று கேட்கிறது ஒரு தரப்பு. மோதலுக்குப் பயந்து எதிராளி விலகிவிடுவான் என்ற தைரியத்தில் ஓட்டுவது மிரட்டல் என்கிறது மறுதரப்பு. கோபக்காரர், தோல்வியைத் தாங்கத் தெரியாதவர் என்ற குற்றச்சாட்டும் கூடவே வரும்.

பத்து ஆண்டுகளாகியும் இந்த வாதம் ஓய்ந்தபாடில்லை. இரண்டு தனித்தனி விஷயங்கள் ஒரே பேச்சில் கலந்துகிடப்பது அதற்கு முக்கியக் காரணம். ஒன்று, விதி அனுமதிக்கும் கடைசிக் கோடு வரை கணக்குப் போட்டு ஓட்டுவது. மற்றொன்று, ஆத்திரம் தலைக்கேறிக் கணக்கையே மறந்துவிடுவது. வெர்ஸ்டப்பனிடம் இரண்டும் உண்டு. முதலாவதில் விதிகளை எழுதியவர்களுக்கும் பங்கு உண்டு. இரண்டாவது முழுக்க அவருடையது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் ஒவ்வொரு சம்பவத்தையும் சரியாக எடைபோட முடியும்.

வெர்ஸ்டப்பன் 1997 செப்டம்பர் 30 அன்று பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரில் பிறந்தார். தந்தை யோஸ் வெர்ஸ்டப்பன் முன்னாள் பார்முலா 1 ஓட்டுநர். தாய் சோஃபி கும்பென், சர்வதேச அளவில் கார்ட் பந்தயங்களில் கலந்துகொண்டவர். மகனுக்குப் பயிற்சி கொடுத்தவர் தந்தைதான். அவர் மிகக் கண்டிப்பானவர். 2012இல் இத்தாலியின் சார்னோவில் நடந்த ஒரு பெரிய கார்ட் போட்டியில், முந்துவதற்குப் பொறுமையில்லாமல் பாய்ந்து மோதி, கைக்கு வந்த பட்டத்தை மகன் இழந்தார். ஊருக்குத் திரும்பும் வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் தந்தை தன்னை இறக்கிவிட்டுப் போய்விட்டதாக மேக்ஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ரசிகர்கள் அவருடைய குணத்தை அலசும்போதெல்லாம் இந்தக் கதை வந்துவிடும். அதை வைத்துக்கொண்டு மனநல ஆராய்ச்சி செய்வது வேண்டாத வேலை. பொறுமையின்மையால் எவ்வளவு இழக்க நேரும் என்பதை அவர் சின்ன வயதிலேயே பட்டுத் தெரிந்துகொண்டார் என்பது மட்டும் உண்மை.

2015இல் ஆஸ்திரேலியப் பந்தயத்தில் டோரோ ரோஸோ அணிக்காக இறங்கியபோது அவருக்கு வயது 17 ஆண்டுகள் 166 நாள்கள். அதற்கு முன் அவ்வளவு இளையவர் யாரும் பார்முலா 1இல் ஓட்டியதில்லை. அவருடைய வரவையொட்டி, பந்தயத்தை நிர்வகிக்கும் சர்வதேச அமைப்பான எஃப்.ஐ.ஏ. குறைந்தபட்ச வயதை 18 ஆக்கியது. மறு ஆண்டு ரெட் புல் அணிக்கு மாறி, ஸ்பெயினில் அந்த அணிக்காக ஓட்டிய முதல் பந்தயத்திலேயே வென்றார். அதே ஆண்டு பிரேசிலில் கொட்டும் மழையில், பிற கார்கள் சறுக்கிக்கொண்டிருந்த டிராக்கில், 16ஆம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு வந்தார். ஈரத்தில் பிடிப்பு எங்கே இருக்கிறது என்று வளைவுக்கு வளைவு வழியை மாற்றித் தேடிக்கொண்டே போன அந்த ஓட்டத்தை, அவரைப் பிடிக்காதவர்களும் மறுக்க மாட்டார்கள்.

சர்ச்சையும் 2016இல்தான் சூடு பிடித்தது. பெல்ஜியத்தின் ஸ்பா டிராக்கில், மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகம் போகும் நேர்ப்பாதையில், முந்த வந்த கிமி ராய்க்கோனனின் குறுக்கே கடைசி நொடியில் வெர்ஸ்டப்பன் காரைத் திருப்பினார். ராய்க்கோனன் ரேடியோவில் கொதித்தார். பந்தய இயக்குநர் சார்லி வைட்டிங் வெர்ஸ்டப்பனை அழைத்துப் பேசினார். பின்னால் வருபவர் பிரேக்கை மிதித்துவிட்ட பிறகு அவர் போகும் திசைக்குத் திரும்புவதுதான் இதில் உள்ள ஆபத்து. அந்த வேகத்தில் பிரேக்கில் கால் வைத்தவரால் பாதையை மாற்ற முடியாது. அக்டோபரில் எஃப்.ஐ.ஏ. அதைத் தடைசெய்தது. ரசிகர்கள் அதற்கு ‘வெர்ஸ்டப்பன் விதி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் அடுத்த வாரமே மெக்சிகோவில் அந்த விதியில் மாட்டியவர், வெர்ஸ்டப்பனைப் பற்றி அதிகம் புகார் சொன்னவர்களில் ஒருவரான செபாஸ்டியன் வெட்டல். டேனியல் ரிக்கியார்டோவை அதே பாணியில் தடுத்ததற்காக அவருக்கு 10 விநாடி தண்டனை விதிக்கப்பட்டது. மூன்றாம் இடமும் கைவிட்டுப் போனது.

2018இன் தொடக்கம் வெர்ஸ்டப்பனுக்கு மோசமானது. சீனாவில் வெட்டலுடன் மோதினார். பாகுவில் சொந்த அணியின் ரிக்கியார்டோவும் அவரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து இருவரும் வெளியேறினார்கள். மொனாக்கோவில் பயிற்சியின்போதே சுவரில் இடித்து, தகுதிச் சுற்றில் ஓட்ட முடியாமல் போனது. ஏன் இவ்வளவு மோதல் என்று கனடாவில் நிருபர்கள் திரும்பத் திரும்பக் கேட்டபோது, இனியும் கேட்டால் யாரையாவது தலையால் முட்டிவிடுவேன் என்று சீறினார். ஆனால் அந்த ஆண்டின் கடைசி ஐந்து பந்தயங்களிலும் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார்.

அந்த ஐந்தில் ஒன்றான பிரேசிலில் வெற்றியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தவரை, ஒரு சுற்று பின்தங்கியிருந்த எஸ்தபான் ஓகோன் மோதிச் சுழலவைத்தார். பந்தயம் முடிந்து எடை பார்க்கும் இடத்தில் வெர்ஸ்டப்பன் ஓகோனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். அதற்காக இரண்டு நாள் பொதுச்சேவை செய்ய வேண்டும் என்று எஃப்.ஐ.ஏ. உத்தரவிட்டது. பின்தங்கிய காரால் பெரிய வீரரின் பந்தயம் கெடும்போது கோபம் பொத்துக்கொண்டு வருவது வெர்ஸ்டப்பனுக்கு மட்டும் உரியதல்ல. 2012இல் மலேசியாவின் செபாங்கில் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயனுடன் உரசி டயர் கிழிந்த வெட்டல், அவரை முட்டாள் என்று திட்டியது தமிழ் ரசிகர்களுக்கு நினைவிருக்கும். அன்று வெட்டல் உலக சாம்பியன். ஆனால் அது கைகலப்பு வரை போகவில்லை. வெர்ஸ்டப்பன் கையை நீட்டினார். அந்த வித்தியாசம் சிறியதல்ல.

இனி, வாதத்தின் நடுநாயகமான வளைவுக்கு வரலாம். ஒவ்வொரு வளைவிலும் உள்விளிம்பைக் கார் மிக நெருங்கித் தொடும் ஒரு புள்ளி உண்டு. அதை ‘ஏபெக்ஸ்’ என்பார்கள். இரண்டு கார்கள் பக்கம் பக்கமாக வளைவுக்குள் நுழைந்தால், வெளியே வரும்போது அந்தப் பாதை யாருக்குச் சொந்தம் என்பதைத் தீர்மானிக்க, ஏபெக்ஸில் யார் எவ்வளவு முன்னால் இருந்தார்கள் என்று பார்ப்பது வழக்கம். 2022 முதல் எஃப்.ஐ.ஏ. இதை எழுத்தில் கொண்டுவந்தது. 2024இல் நடைமுறையில் இருந்த வடிவத்தின்படி, வெளிப்பக்கமாக முந்துகிறவர் ஏபெக்ஸில் மற்றவரைவிட முன்னால் இருந்தால்தான், வெளியேறும்போது தனக்கு இடம் கேட்க முடியும்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்பக்கம் இருப்பவருக்கு இது ஒரு வழியைத் திறந்துவிட்டது. அவர் பிரேக்கைத் தாமதமாக மிதித்தால் போதும். வேகம் குறையாமல் ஏபெக்ஸுக்கு முதலில் வந்துவிடுவார். அந்த வேகத்தில் வளைவைச் சரியாகத் திரும்ப முடியாமல் கார் வெளிப்பக்கம் அகன்று போகும். பக்கத்தில் இருப்பவர் ஒன்று மோத வேண்டும், அல்லது டிராக்கை விட்டு இறங்க வேண்டும். இறங்கி முந்தினால், டிராக்குக்கு வெளியே முந்திய குற்றம் அவர் தலையில் விழும். வெர்ஸ்டப்பன் இந்தக் கணக்கை வேறு எவரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டவர்.

2024 அக்டோபரில் அமெரிக்காவின் ஆஸ்டினில் நடந்தது அதற்குக் கச்சிதமான உதாரணம். மூன்றாம் இடத்துக்காக மெக்லாரனின் லாண்டோ நோரிஸ், 12ஆம் வளைவுக்குப் போகும் நேர்ப்பாதையில் வெளிப்பக்கமாக வந்து, பிரேக் போடும் முன்பே வெர்ஸ்டப்பனைத் தாண்டிவிட்டார். உள்பக்கம் இருந்த வெர்ஸ்டப்பன் இன்னும் தாமதமாக பிரேக் போட்டு ஏபெக்ஸில் முன்னால் வந்தார். இரண்டு கார்களுமே வெள்ளைக் கோட்டைத் தாண்டி வெளியே போயின. நோரிஸ் வெளியிலிருந்தபடியே முந்திச் சென்றார். அவருக்கு 5 விநாடி தண்டனை. அதனால் நான்காம் இடத்துக்கு இறங்கினார். தானும் டிராக்கை விட்டு வெளியே போன வெர்ஸ்டப்பனுக்கு மூன்றாம் இடம். நோரிஸ் ஏற்கெனவே முன்னால் போய்விட்டதால் அவரை முந்துகிறவராகக் கருதியதே தவறு என்று மெக்லாரன் மறுஆய்வு கேட்டது, மனு தள்ளுபடியானது. எழுத்துப்படி பார்த்தால் தீர்ப்பு சரி. வளைவைத் திரும்ப முடியாத வேகத்தில் வந்தவருக்கு வளைவு சொந்தம் என்று சொல்லும் விதி சரியா என்பதுதான் கேள்வி. அதற்கு வெர்ஸ்டப்பனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது பொருந்தாது.

ஒரு வாரம் கழித்து மெக்சிகோவில் காட்சி மாறியது. 10ஆம் சுற்றில், சில விநாடிகள் இடைவெளியில் இரண்டு இடங்களில் வெர்ஸ்டப்பன் நோரிஸை வெளியே தள்ளினார். இம்முறை ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி, மொத்தம் 20 விநாடி தண்டனை. ஆறாம் இடத்தில் முடித்தார். ஸ்டீவர்டுகள் எனப்படும் நடுவர்கள் பந்தயத்துக்குப் பந்தயம் மாறுவார்கள். எனவே கோடு எங்கே இருக்கிறது என்பதும் ஓரளவு மாறும். ரசிகர்களின் எரிச்சலில் பாதி இதிலிருந்துதான் பிறக்கிறது. 2021இல் பிரேசிலில் லூயிஸ் ஹாமில்டனை நான்காம் வளைவில் இதேபோல் டிராக்குக்கு வெளியே இட்டுச்சென்றபோது விசாரணைகூட நடக்கவில்லை. 2019இல் ஆஸ்திரியாவில் சார்ல் லெக்லேரை ஓரம்கட்டி வென்றபோது, பல மணி நேரம் விசாரித்துவிட்டு நடவடிக்கை வேண்டாம் என்றார்கள். அந்தத் தீர்ப்பைப் பார்த்த லெக்லேர், எதுவரை போகலாம் என்று தெரிந்துவிட்டதால் தானும் அதற்கேற்ப மாறுவதாகச் சொன்னார். இரண்டு வாரம் கழித்து சில்வர்ஸ்டோனில் வெர்ஸ்டப்பனிடமே அதைக் காட்டவும் செய்தார். நடுவர்கள் விட்டுக்கொடுக்கும் அளவுக்கு மற்றவர்களும் முரடாவார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

வெர்ஸ்டப்பனின் ஆதரவாளர்கள் சென்னாவையும் ஷூமாக்கரையும் துணைக்கு அழைப்பதில் ஓரளவு நியாயம் உண்டு. 1990இல் ஜப்பானின் சுசுகாவில், முதல் வளைவிலேயே அலென் பிராஸ்ட்டின் காரில் இடித்து சென்னா பட்டத்தை உறுதிசெய்தார். வேண்டுமென்றே செய்ததை மறு ஆண்டு ஒப்புக்கொண்டார். அந்த மோதலுக்குப் பின் அடிலெய்டில் அவரைப் பேட்டி கண்ட முன்னாள் சாம்பியன் ஜாக்கி ஸ்டூவர்ட், மற்ற சாம்பியன்களையெல்லாம்விட நீங்கள் அதிகம் மோதுகிறீர்களே என்று முகத்துக்கு நேரே கேட்டார். 1994இல் அதே அடிலெய்டில் டேமன் ஹில்லுடன் நடந்த மோதலில், ஒரே ஒரு புள்ளி முன்னிலையில் ஷூமாக்கர் சாம்பியன் ஆனார். 1997இல் ஹெரெஸில் ஜாக் வில்நேவ் மீது திருப்பியபோது கணக்குத் தப்பியது. அந்த ஆண்டுப் பட்டியலிலிருந்தே அவர் பெயர் நீக்கப்பட்டது. இவற்றோடு ஒப்பிட்டால், பட்டத்தைத் தீர்மானிக்கும் பந்தயத்தில் எதிராளியை இடித்து வெர்ஸ்டப்பன் சாம்பியன் ஆனதில்லை. ஆனால் முந்தைய சாம்பியன்கள் செய்தார்கள் என்பது ஒரு செயலைச் சரியாக்கிவிடாது. சென்னாவைக் கொண்டாடுகிறவர்களே சுசுகாவை மன்னிக்கத் தயங்குகிறார்கள்.

ஹாமில்டனோடு பட்டத்துக்குப் போட்டியிட்ட 2021ஆம் ஆண்டு இந்த வாதத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனது. சில்வர்ஸ்டோனில் முதல் சுற்றிலேயே ஹாமில்டனின் கார் உரசி வெர்ஸ்டப்பன் தடுப்பில் போய் மோதினார். 51 ஜி அளவிலான அதிர்ச்சி. 10 விநாடி தண்டனை பெற்றும் ஹாமில்டன் வென்றார். மான்சாவில் வெர்ஸ்டப்பனின் கார் ஹாமில்டனின் காருக்கு மேல் ஏறி நின்றது; தலைக்கு மேல் இருக்கும் ஹாலோ வளையம்தான் ஹாமில்டனைக் காப்பாற்றியது. அதற்கு வெர்ஸ்டப்பனுக்கு அடுத்த பந்தயத்தில் மூன்று இடம் பின்னால் நின்று கிளம்பும் தண்டனை விதிக்கப்பட்டது. ஜெட்டாவில், டிராக்குக்கு வெளியே போய்ப் பிடித்த இடத்தை ஹாமில்டனுக்குத் திருப்பித் தரும்படி அணி சொன்னது. வெர்ஸ்டப்பன் வேகத்தைக் குறைத்தார். காரணம் தெரியாத ஹாமில்டன் முந்தாமல் பின்னாலேயே இருக்க, வெர்ஸ்டப்பன் திடீரென்று 2.4 ஜி விசையுடன் பிரேக்கை அழுத்தினார். ஹாமில்டன் பின்னால் இடித்தார். 10 விநாடி தண்டனை.

ஜெட்டாவை மற்றவற்றோடு சேர்க்கக் கூடாது. மான்சாவிலும் பிரேசிலிலும் அவர் ஒரு இடத்துக்காகப் போராடினார். ஜெட்டாவில் கொடுக்க வேண்டிய இடத்தைக் கொடுக்க மனமில்லாமல் நின்றார். அவருடைய மிக மோசமான தருணங்கள், எடுக்கப் பாயும்போது வந்தவை அல்ல. கொடுக்கச் சொல்லும்போது வந்தவை.

பார்வையாளர் மாடத்திலும் இந்தப் பிளவு தெரியும். வெர்ஸ்டப்பன் ரசிகர்கள் ஆரஞ்சு நிறத்தில் திரண்டு வருவார்கள்; ஆஸ்திரியாவின் ஸ்பீல்பெர்கிலும் நெதர்லாந்தின் சான்ட்வோர்ட்டிலும் மாடமே ஆரஞ்சுப் புகையில் மூழ்கிவிடும். 2022இல் சில்வர்ஸ்டோனில் பிரிட்டிஷ் ரசிகர்கள் வெர்ஸ்டப்பனைக் கூச்சலிட்டு அவமதித்தபோது, அதை ஏற்க முடியாது என்று ஹாமில்டனே சொன்னார். அடுத்த வாரம் ஆஸ்திரியாவில் ஹாமில்டன் சுவரில் மோதியதை ஆரஞ்சுக் கூட்டத்தில் சிலர் ஆரவாரித்துக் கொண்டாடினார்கள். ஒரு மனிதன் சுவரில் போய் இடிப்பதற்குக் கைதட்டுவது எந்த அணியின் பற்றாலும் நியாயமாகாது. பிரிட்டிஷ் ஊடகங்கள் தன்னிடம் பாரபட்சம் காட்டுவதாகவும், தன்னிடம் இருப்பது தவறான பாஸ்போர்ட் என்றும் வெர்ஸ்டப்பன் 2024இல் குறைப்பட்டுக்கொண்டார். தொலைக்காட்சி வர்ணனையாளர்களிலும் நிருபர்களிலும் பிரிட்டிஷ்காரர்கள் அதிகம் என்பதால், இந்தக் குறையை வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

இயல்பிலேயே அவர் முரடர் என்கிறவர்கள் 2023ஐ விளக்கியாக வேண்டும். அந்த ஆண்டு 22 பந்தயங்களில் 19ஐ வென்றார். அதில் 10 தொடர் வெற்றிகள். மோதல் என்று பெரிதாக எதுவும் இல்லை. அவருடைய கார் வேகமாக இருந்ததால் யாரோடும் சண்டை போட வேண்டியிருக்கவில்லை. 2024இன் நடுவில் கார் பின்தங்கியதும் பழைய உரசல்கள் திரும்பின. ஆஸ்திரியாவில் நோரிஸுடன் மோதல். ஹங்கேரியில் பந்தயம் முழுக்க அணியை ரேடியோவில் ஏசியபடி ஓட்டி, கடைசியில் ஹாமில்டனுடன் உரசல். அன்று அவருடைய பொறியாளர் ஜான்பியரோ லாம்பியாசே, இது சிறுபிள்ளைத்தனம் என்று ரேடியோவிலேயே சொன்னார். ஆனால் அதே ஆண்டு நவம்பரில் பிரேசில் மழையில், 17ஆம் இடத்தில் கிளம்பி, யாரையும் இடிக்காமல் ஒவ்வொருவராக முந்தி வென்றார். சுத்தமாக முந்தத் தெரியாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது.

2025 ஜூன் 1 அன்று பார்சிலோனாவில் நடந்ததற்கு அவருடைய ஆதரவாளர்களிடமும் பதில் இல்லை. பந்தயத்தின் இறுதியில், எல்லாக் கார்களின் வேகத்தையும் மட்டுப்படுத்தும் சேஃப்டி கார் வந்தபோது, முன்னணியில் இருந்த மற்றவர்கள் மென்மையான டயருக்கு மாறினார்கள். வெர்ஸ்டப்பனுக்குக் கிடைத்தது பிடிப்புக் குறைந்த கடினமான டயர். மறுபடி கிளம்பியதும் கார் வழுக்கியது. லெக்லேர் உரசியபடி முந்தினார். முதல் வளைவில் ஜார்ஜ் ரஸ்ஸல் உள்பக்கம் பாய, வெர்ஸ்டப்பன் டிராக்குக்கு வெளியே போய் முன்னாலேயே திரும்பி வந்தார். தண்டனைக்குப் பயந்து, ரஸ்ஸலுக்கு இடத்தைக் கொடுக்கும்படி அணி சொன்னது. வெர்ஸ்டப்பன் ரேடியோவில் வாதாடினார். பிறகு ஐந்தாம் வளைவுக்கு முன் வேகத்தைக் குறைத்து ரஸ்ஸலை முன்னால் விட்டார். விட்ட கையோடு மறுபடி வேகமெடுத்து அவர் காரின் பக்கவாட்டில் இடித்தார். முன்னாள் சாம்பியன் நிகோ ரோஸ்பெர்க் தொலைக்காட்சியில், கறுப்புக் கொடி காட்டி வெளியேற்ற வேண்டிய குற்றம் இது என்றார். நடுவர்கள் 10 விநாடியும் மூன்று தண்டனைப் புள்ளிகளும் கொடுத்தார்கள். முதல் வளைவில் நடந்ததற்கு எந்த நடவடிக்கையும் இல்லை என்று பிறகு முடிவானது. அதாவது, இடத்தைத் திருப்பித் தரும் அவசியமே இருந்திருக்காது. மறுநாள், தான் செய்தது சரியல்ல, நடந்திருக்கக் கூடாது என்று வெர்ஸ்டப்பன் எழுதினார்.

பார்முலா 1இல் 12 மாதங்களுக்குள் 12 தண்டனைப் புள்ளிகள் சேர்ந்தால் ஒரு பந்தயத்துக்குத் தடை. 2024இல் கெவின் மேக்னசன் இந்த முறையில் தடைபெற்ற முதல் ஓட்டுநர் ஆனார். பார்சிலோனாவுக்குப் பின் வெர்ஸ்டப்பன் கணக்கில் 11 இருந்தது. அடுத்து வந்த கனடாவில் ஒரு புள்ளியும் சேராமல் ஓட்டி இரண்டாம் இடம் பிடித்தார். அடக்கி ஓட்ட வேண்டும் என்றால் அவரால் முடியும் என்பதற்கு அது சான்று. பார்சிலோனாவிலும் முடிந்திருக்கும் என்பதற்கும் அதுவே சான்று.

பார்சிலோனாவில் ஐந்தாவதாக வந்தவர், அங்கே பெற்ற 10 விநாடி தண்டனையால் பத்தாம் இடத்துக்கு இறங்கினார். 10 புள்ளிகள் கிடைத்திருக்க வேண்டிய இடத்தில் ஒன்று கிடைத்தது. அந்த ஆண்டு சான்ட்வோர்ட் பந்தயத்துக்குப் பின் முதலிடத்தில் இருந்த ஆஸ்கர் பியாஸ்ட்ரியைவிட 104 புள்ளிகள் பின்தங்கியிருந்த வெர்ஸ்டப்பன், நம்ப முடியாத வேகத்தில் மீண்டு வந்தார். டிசம்பரில் அபுதாபியில் கடைசிப் பந்தயத்தையும் வென்றார். நோரிஸ் 423 புள்ளிகளுடன் சாம்பியன், வெர்ஸ்டப்பன் 421. பார்சிலோனாவைப் பற்றி அங்கே கேட்கப்பட்டபோது, முழு ஆண்டில் நடந்த மற்ற எல்லாவற்றையும் மறந்துவிட்டு அதை மட்டும் கேட்கிறீர்களே என்று எரிச்சலுடன் பதில் சொன்னார். அவர் சொன்னதில் பொருள் இருக்கிறது. ஆஸ்திரியாவில் முதல் சுற்றிலேயே கிமி ஆன்டனெல்லி வந்து மோதியதால் ஒரு புள்ளிகூட இல்லாமல் திரும்பினார். லாஸ் வேகஸில் மெக்லாரன் கார்கள் இரண்டும் தகுதிநீக்கம் ஆனது அவருக்குச் சாதகமாயிற்று. 24 பந்தயங்களின் கூட்டல் கழித்தலை ஒரே வளைவின் தலையில் கட்டிவிட முடியாது. ஆனாலும் அந்த ஒன்பது புள்ளிகள் பிறரால் போனவை அல்ல, கார் கோளாறால் போனவையும் அல்ல.